அசல் ஆசாமியின் அவஸ்தை

கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு வழங்கி, அதன் அசல் தன்மைக்குச் சர்க்கார் முத்திரை குத்தியாயிற்று. ஆனால் அத்திராட்சையைப் பயிரிடும் சம்சாரியின் செல்போன் எண்ணை எவனோ ஒரு புண்ணியவான், போலி ஆவணங் காட்டித் தன் சிம் கார்டுக்கு மாற்றிக்கொண்டு, மின்னஞ்சலிலும் வங்கிக் கணக்கிலும் கிருகப்பிரவேசம் செய்துவிட்டானானால், தாமே தாம் என்று நிரூபிக்கும் பாரம் அசல் ஆசாமியின் தலையிலேயே விழுகிறது. அதை ஊர்ஜிதப்படுத்தவேண்டிய ஓடிபியோ, பரம விசுவாசத்துடன் திருடன் கைக்கே போய்ச் சேருகிறது. முதலில் படித்த பள்ளி முதலான ரகசியக் கேள்விகளுக்குச் சின்னமனூர்ச் சந்தையில் யாரைக் கேட்டாலும் விடை கிடைக்கும். திருடன் பிசகாமல் சொல்லிவிடுகிறான், உரியவர்தாம் பதற்றத்தில் எழுத்துப்பிழை செய்து தோற்கிறார். ஆகவே, வாசகர்களே, கணினியோடு ஆத்ம விசாரம் நடத்திக்கொண்டிராமல், உடனே சிம்மை முடக்கச் சொல்லிவிட்டு, 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். பக்கத்து வீட்டுப் போனிலிருந்து!