தோட்டத்துல உட்டாச்சுங்க

"டைகர் எங்கீங்ணா, கண்ணுலயே படல?" என்று கேட்டுப் பாருங்கள். மனிதர் முகத்தில் ஒரு சலனமும் இருக்காது.

"தோட்டத்துல உட்டாச்சுங்க தம்பி. அங்க காத்தோட்டமா ஓடியாடிட்டுக் கெடக்குது. இங்க ஊட்டுல கட்டிப்போட்டு வெச்சா பாவமில்லீங்களா?"

பாவ புண்ணியம் பார்க்கிறவர். கேட்ட நாம்தான் ஏதோ நாயைக் கட்டிப்போட்டுக் கொடுமை செய்தவர்கள் மாதிரி நழுவ வேண்டியிருக்கும்.

பல்லடத்தில் இவர் இல்லாத வீதி கிடையாது. சோமனூரில் தறி ஓட்டுவார், திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருப்பார், கோவையில் பேங்க் ஆபீசராக இருப்பார். எங்கள் வீதியில் இருப்பவரைத் தோட்டத்தண்ணன் என்று வைத்துக்கொள்வோம். வீட்டு கேட்டில் 'நாய் ஜாக்கிரதை' என்று ஒரு பலகை. பலகை நிரந்தரம், நாய்தான் மாறிக்கொண்டே இருக்கும். முதலில் வெள்ளை வெளேரென்று ஒரு பொமரேனியன். அப்புறம் மகள் பிறந்தநாளுக்கு லேப் குட்டி, அதுதான் டைகர். வீட்டில் திருட்டு பயம் வந்தபோது அல்சேஷன். கடைசியாக, சித்திரை வெயிலில் நாமே மூச்சு முட்டிக் கிடக்கிற ஊருக்கு, சைபீரியப் பனியில் வண்டி இழுக்கப் பிறந்த ஹஸ்கி. எல்லாமே இன்றைக்குத் தோட்டத்தில் சௌக்கியமாக இருக்கின்றன.

இந்தத் தோட்டத்தை நான் நெடுநாளாக ஆராய்ந்து வருகிறேன். யாருடையது என்பதில் முதல் குழப்பம். பொமரேனியன் போனபோது அது மச்சான் தோட்டம். லேப் போனபோது பெரியப்பா ஊட்டுத் தோட்டம். அல்சேஷன் காலத்தில் "நம்ம ஒறம்பரைக்காரங்க ஒருத்தருதுங்க" என்று கொஞ்சம் தூரத்துச் சொந்தமாகிவிட்டது. இடமும் நிலையாக நிற்பதில்லை. ஒருமுறை சுல்தான்பேட்டைப் பக்கம், மறுமுறை பொங்கலூருக்கு அக்கட்டால. ஆனால் எங்கே இருந்தாலும் அங்கே பிஏபி பாசன வாய்க்கால் தண்ணீர் மடை மாறாமல் பாயும். நமக்கெல்லாம் முறை வைத்து விடுகிற தண்ணீர், அந்தத் தோட்டத்துக்கு மட்டும் வருடம் முழுக்க. தென்னை நிழல் உண்டு. காலையில் கறந்த பால் நாய்க்குத்தான் முதலில். அங்கே போன நாய் எதுவும் இளைத்ததில்லை, கிழடானதில்லை, செத்ததாக ஒரு சேதி வந்ததில்லை. "போன வாரம் பாத்தனுங்க, ரெண்டு சுத்துப் பெருத்துருச்சு" என்பார்.

அந்தத் தோட்டத்தில் ஒரு கெடா வெட்டுக்குக்கூட எங்களை யாரும் அழைத்ததில்லை. லேப் போன புதிதில் அவர் மகள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அடம் பிடிப்பாள், டைகரைப் பார்க்கணும் என்று. ஒரு வாரம் "இன்னைக்குத் தண்ணி பாயுது கண்ணு, சேறாக் கெடக்கும்." அடுத்த வாரம் "மருந்தடிச்சிருக்காங்க சாமி, நாத்தம் ஆகாது." அதற்கடுத்த வாரம் தோட்டத்துக்காரர் பழனிக்குப் போயிருந்தார். பிறகு குழந்தை கேட்பதை விட்டுவிட்டது. குழந்தைகளுக்கு இதெல்லாம் சீக்கிரமே புரிந்துவிடுகிறது.

நியாயமாகப் பார்த்தால் மனிதர் கல்நெஞ்சக்காரர் இல்லை. அந்த லேப் குட்டிக்குப் பார்வோ வந்து ரத்தமாகப் பேதி போனபோது, தறிக் குடோனைப் பூட்டிவிட்டு டாக்டரிடம் கொண்டு போய், குளுக்கோஸ் பாட்டிலைக் கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு பகலெல்லாம் நின்றார். ராத்திரி திண்ணையில் அதன் பக்கத்திலேயே படுத்தார். வீட்டில் யாரிடமும் பேசாத இங்கிலீஷை அதனிடம்தான் பேசினார். குட்டி குட்டியாக இருக்கிற வரைக்கும் அவர் அன்பில் கலப்படமே கிடையாது. அது வளர்ந்து, ஷூவைக் கடித்து, ஆஸ்பத்திரிச் செலவு வைத்து, குடும்பத்தோடு ஊருக்குப் போகும்போது யாரிடம் விடுவது என்ற கேள்வி எழும்போதுதான் தோட்டம் பச்சைப் பசேலென்று கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும்.

அவர் வீட்டு கேட்டுக்குப் பின்னால் ஓர் ஆணி இருக்கிறது. அதில் சிவப்பு நிற பெல்ட் ஒன்று தொங்கும். பித்தளை வளையம், சின்ன மணி. பொமரேனியனைத் தவிர எல்லா நாயும் அந்த பெல்ட்டைத்தான் போட்டிருந்தன. ஒவ்வொரு நாய்க்கும் அதில் ஒரு துளை கூடியிருக்கிறது. நாய் தோட்டத்துக்குப் போகும், பெல்ட் மட்டும் ஆணிக்குத் திரும்பிவிடும். ஒருமுறை கேட்டேன். "தோட்டத்துல பெல்ட் எதுக்குங்க, அங்க ஃப்ரீயா இருக்கட்டும்" என்றார். விலை கொடுத்து வாங்கிய பெல்ட் அடுத்ததுக்கு ஆகும் என்பதும் ஒரு காரணம். முதல் காரணம் என்னவென்று உங்களுக்கே தெரியும்.

நிஜத் தோட்டம் திருச்சி ரோட்டில் இருக்கிறது. ராத்திரி பத்து மணிக்கு மேல் காரின் பின்கதவு திறக்கும், பெல்ட் கழலும், கதவு மூடும். பல்லடம் சுற்றுவட்டாரம் முழுக்க கறிக்கோழிப் பண்ணை என்பது நாடறிந்த விஷயம். "பண்ணை இருக்குது, வயித்துக்குப் பஞ்சமில்ல" என்று மனசாட்சிக்கும் ஒரு பதில் தயார். கோவைக்காரரும் திருப்பூர்க்காரரும் இதே நம்பிக்கையில்தான் நம் பக்கம் வண்டியைத் திருப்புகிறார்கள்.

பண்ணைக்காரரிடம் கேட்டால் வேறு கதை சொல்வார். செட்டில் இருக்கிற கோழியே அவருடையது இல்லை. குஞ்சும் தீவனமும் கம்பெனி கொடுப்பது, வளர்ப்புக் கூலிதான் அவருக்கு. பசித்த நாய் ராத்திரியில் கம்பி வலையைப் பிறாண்டினால் போதும். உள்ளே கோழிகள் மிரண்டு ஒரு மூலையில் ஒன்றின் மேல் ஒன்று ஏறி மூச்சு முட்டிச் சாகும். காலையில் பார்த்தால், கழுத்தைச் சுற்றி முடி தேய்ந்து வளையமாகத் தெரிகிற ஒரு நாய் கேட் ஓரமாக நின்று, போகிற கார் ஒவ்வொன்றையும் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். அதை அடித்து விரட்டவும் மனசு வராது, வைத்துக்கொள்ளவும் முடியாது.

இப்படி விட்ட நாய்களில் பல லாரியில் அடிபட்டுச் சாகும். தப்பிப் பிழைத்தது தெரு நாய்களோடு சேரும். கருத்தடை செய்யாத நாய், குட்டி போடும். கூட்டம் பெருகும். காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் கொரங்காடு என்கிற மேய்ச்சல் நிலத்தில் கிளுவை வேலி போட்டு ஆடு மேய்க்கிறவர்கள், நாய்க்கூட்டம் பட்டிக்குள் புகுந்து கடித்துக் குதறிய ஆடுகளை ரோட்டில் கிடத்திப் போராடினார்களே, மறந்திருக்க மாட்டீர்கள். கடித்த நாயெல்லாம் வீட்டு நாய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எந்த நாயும் ஆகாயத்திலிருந்து விழவில்லை. யாரோ ஒருவர் எங்கேயோ ஒரு பெல்ட்டைக் கழற்றியிருக்கிறார்.

2025 கடைசியில் சென்னை மாநகராட்சி, வளர்ப்பு நாய்க்கு மைக்ரோசிப்பும் லைசென்சும் கட்டாயம், இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்து, கெடுவைத் தள்ளித் தள்ளி வைத்ததல்லவா? பேக்கரியில் அந்தச் செய்தியைப் பேப்பரில் பார்த்துக்கொண்டிருந்த தோட்டத்தண்ணனுக்கு ஒரே உற்சாகம்.

"சிப்பு போட்டுட்டா, நாய் எங்க போனாலும் போன்லயே பாத்துக்கலாமுங்களா தம்பி?"

பார்க்க முடியாதுங்ணா என்றேன். அரிசிமணி அளவு இருக்கும், தோள்பட்டைகளுக்கு நடுவில் தோலுக்கடியில் ஊசியால் ஏற்றிவிடுவார்கள். பேட்டரி கிடையாது, சிக்னல் கிடையாது. கருவியைக் கிட்டத்தில் காட்டினால் 15 இலக்க நம்பர் ஒன்று வரும், அவ்வளவுதான்.

"அப்ப நாய் எங்க இருக்குதுன்னு தெரியாது?"

"தெரியாதுங்ணா. நாய் யாருதுன்னு தெரியும்."

வடையைப் பிய்த்த கை நின்றது.

"யாருதுன்னா?"

"பேரு, போன் நம்பர், விலாசம். பதிஞ்சு வெச்சிருந்தா எல்லாம் வரும்."

"பெல்ட்டு மாதிரி கழட்டிக்க முடியாதுங்களா?"

"முடியாதுங்ணா. சாகற வரைக்கும் உள்ளயே இருக்கும்."

கொஞ்ச நேரம் வடையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அத்தாச்சோட்டு ஊசியக் குத்துனா நாய்க்கு வலிக்குமுங்க தம்பி. வாயில்லாச் சீவன். நமக்கெதுக்கு அந்தப் பாவம்?" என்று பேப்பரை மடித்து வைத்துவிட்டார்.

தீபாவளி வெடிக்கு மிரண்டு ஓடிய நாயை யாராவது பிடித்துக் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால், அந்த நம்பர் அதை வீடு சேர்க்கும். இங்கிலாந்தில் 2016 ஏப்ரலிலிருந்தே எட்டு வாரம் தாண்டிய எல்லா நாய்க்கும் சிப் கட்டாயம். ஆனால் போன் நம்பர் மாறியதும் பதிவையும் மாற்றுகிற ஆளிடம்தான் சிப் வேலை செய்யும். தோட்டத்தண்ணன் மாதிரி ஆள்களுக்கு அது ஆகாத பொருள். தொலைந்த நாயைத் தேடுகிறவருக்குத்தான் சிப் வரம். தொலைக்க நினைக்கிறவருக்கு அது சாட்சி.

வளர்க்க முடியாமல் போவது குற்றமில்லை. வேலை மாறும், உடம்புக்கு முடியாமல் போகும். அப்போது பேரும் ஊரும் தெரிந்த ஓர் ஆளிடம், ஊசிச் சீட்டோடும் பெல்ட்டோடும், பகல் வெளிச்சத்தில் கொடுங்கள். மறு வாரம் குழந்தையைக் கூட்டிப்போய்க் காட்ட முடிகிற இடமாக இருக்கட்டும். கொடுக்கும் முன்னால் கருத்தடை செய்துவிடுங்கள்.

இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். பசியாலோ தாகத்தாலோ வாடும்படி பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. பல பத்தாண்டுகளுக்கு முன் வைத்த தொகை. தயவுசெய்து இதை மட்டும் தோட்டத்தண்ணனிடம் யாரும் சொல்லிவிடாதீர்கள். அடுத்த குட்டி வாங்கும்போதே அந்த ஐம்பதையும் சேர்த்துத் தனியாக எடுத்து வைத்துவிடுவார்.