‘தா’ என்றால் ஆமாம், ‘நோ’ என்றாலும் ஆமாம்!

கே: ரஷ்யர்கள் ஆமாம் போடுவதற்கு ‘தா’ என்கிறார்களாமே. நம்முடைய ‘தா’தானா அது?

ப: கையை நீட்டிவிடாதீர்கள், ஒன்றும் கிடைக்காது. கொடுக்கச் சொல்லும் ‘தா’ அல்ல அது. ரஷ்யரிடம் ஏதாவது வேண்டுமென்றால் ‘தாய்’ என்று கேட்க வேண்டும். அந்தத் ‘தாய்’க்கும் வடமொழித் ‘தான’த்துக்கும் வேர் ஒன்று. நம் ‘தா’ திராவிடச் சொத்து. ஒலி ஒத்துப்போனது தற்செயல். ஆமாம் போடும் ‘தா’வுக்கு இந்தக் கொடுக்கல் வாங்கலில் பங்கே இல்லை. ‘அது’, ‘அப்படி’ என்று எதையோ சுட்டிக்கொண்டிருந்த பழஞ்சொல்லின் மிச்சம் அது என்பது சொல்லாய்வாளர்கள் பலரின் கணிப்பு.

கே: ஸ்லாவிய மொழிகள் எல்லாவற்றிலும் ‘தா’தானா?

ப: அவ்வளவு ஒற்றுமை ஏது! ரஷ்யர், பல்கேரியர், செர்பியர், குரோவேஷியருக்கு ‘தா’. போலந்து, உக்ரைன், பெலாரஸில் ‘தக்’. செக் மொழியில் ‘அனோ’, ஸ்லோவாக்கில் முதலெழுத்தை நீட்டி ‘ஆனோ’. ஸ்லோவேனியர் மேடையில் ‘தா’, வீட்டுத் திண்ணையில் ‘யா’. பின்னது ஜெர்மன்காரரிடம் வாங்கிய சரக்கு. ருமேனிய மொழி லத்தீன் வம்சம். ஆனாலும் ஆமாம் மட்டும் ஸ்லாவியரிடம் கடன் வாங்கிய ‘தா’!

‘தக்’ என்றால் ‘அப்படி’. ‘அனோ’வைப் பிரித்தால் ‘அ’, ‘ஓனோ’ என்று இரண்டு துண்டு: ‘அதுவும்’ என்கிற மாதிரி. இத்தாலியரின் ‘சி’யும் லத்தீனில் ‘இப்படி’ என்றிருந்த ‘சிக்’தான். நம் ‘ஆம்’ கூட ‘ஆகும்’ என்பதன் சுருக்கம்தானே. ஆமாமுக்கென்று தனியாக ஒரு சொல்லை யாரும் கருவிலேயே கொண்டுவரவில்லை. கையில் அகப்பட்டதை வைத்து ஒப்பேற்றியிருக்கிறார்கள். தேவாலய ஸ்லாவிய மொழியில் ‘தா’ இருந்தது, ஆனால் அங்கே அது ‘ஆகுக’ என்று வாழ்த்தும் வேலையைப் பார்த்தது. ஆமாம் சொல்ல ‘யெய்’ என்று வேறொரு சொல் இருந்தது.

கே: செக் நாட்டில் ‘நோ’ என்றால் ஆமாமாமே? நிஜமா, கதையா?

ப: நிஜம். ‘அனோ’வின் தலை தேய்ந்து ‘நோ’ ஆனது. பிராகில் ஒருவர் தொலைபேசியில் ‘நோ... நோ... நோ யோ...’ என்று இழுத்துக்கொண்டிருந்தால் சண்டை என்று நினைக்காதீர்கள், ‘ம்... ம்... சரிதான்’ என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். போலந்துக்காரர்களும் பேச்சில் ‘நோ’ என்றே தலையாட்டுவார்கள். அதே ‘நோ’வை ரஷ்யாவுக்கு எடுத்துப்போனால் ‘ஆனால்’ ஆகிவிடும். ரஷ்ய வண்டிக்காரர் அதையே குதிரையிடம் சொன்னால் ‘கிளம்பு!’

கே: ரஷ்யத் ‘தா’வுக்கு ஆமாம் போடுவதைத் தவிர வேறு பிழைப்பு உண்டா?

ப: நிறைய. இரண்டு பெயருக்கு நடுவே நின்றால் ‘உம்’. ‘இவான்-தா-மார்யா’ என்று ஒரு காட்டுச் செடி உண்டு. மஞ்சள் பூ, அதன் மேலே ஊதா நிற இலை. ஒரே தண்டில் இரண்டு பேர் குடித்தனம் செய்வதாக எண்ணி ‘இவானும் மார்யாவும்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். முழக்கத்தின் முன்னால் நின்றால் ‘வாழ்க’வுக்குத் துணை. செர்பியரிடம் போனால் நம் ‘என்று’ செய்கிற வேலை. ‘ஆமாம், அவன் வருகிறான் என்று தெரியும்’ என்பதை ‘தா, ஸ்னாம் தா தோலாஸி’ என்பார்கள். முதல் ‘தா’ ஆமாம், இரண்டாவது ‘என்று’.

கே: ‘தா நியெத் நவேர்னயெ’ என்று ஒரு ரஷ்யத் தொடர். ‘ஆமாம், இல்லை, அநேகமாக’ என்று மொழிபெயர்த்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். காப்பாற்றுங்கள்!

ப: ‘இல்லைன்னுதான் நினைக்கிறேன்’ என்று எழுதிவிட்டு எழுந்து வாருங்கள். அங்கே ‘தா’ ஆமாம் அல்ல, ‘அட’ என்கிற மாதிரி ஓர் இழுப்பு. முடிவு ‘நியெத்’தின் கையில். ‘நவேர்னயெ’ சொல்பவர் தப்பித்துக்கொள்ள வைத்த பின்வாசல்.

கே: இவ்வளவு சின்னச் சொல்லை வைத்து யாராவது அரசியல் செய்திருக்கிறார்களா?

ப: கேட்டீர்களே! 1946 ஜூன் 30-ல் போலந்தில் பொதுவாக்கெடுப்பு. மூன்று கேள்விகள்: மேலவையை ஒழிக்கலாமா, நிலச்சீர்திருத்தமும் தேசியமயமும் சரியா, புதிய மேற்கு எல்லை சரியா. சுவரெல்லாம் ‘3 × தக்’ என்று கம்யூனிஸ்டுகள் எழுதினார்கள். எதிர்க்கட்சி முதல் கேள்விக்கு மட்டும் ‘நியே’ போடச் சொன்னது. மூன்றுக்கும் ‘தக்’ வென்றதாக அறிவிப்பு வந்தது. கிராக்கோவ் நகரில் முதல் கேள்விக்கு ‘நியே’தான் வென்றது, நாடு முழுவதற்குமான எண்ணிக்கை புரட்டு என்பது பிற்பாடு ஆவணங்களோடு அம்பலமானது.

1993 ஏப்ரல் 25-ல் ரஷ்யாவில் நான்கு கேள்விகள். அதிபர் யெல்த்சின் ஆட்கள் கேள்விகளை விளக்கிக்கொண்டிருக்கவில்லை, ‘தா, தா, நியெத், தா’ என்று விடைத்தாளையே மனப்பாடம் செய்யவைத்தார்கள். அதிபருக்குத் தேர்தல் வேண்டுமா என்ற இடத்தில் மட்டும் அந்த ‘நியெத்’ வருவதைக் கவனியுங்கள். பிட்டு கொடுத்தால் இப்படிக் கொடுக்க வேண்டும்.

செக் கோடீசுவரர் அந்த்ரெய் பாபிஷ் கட்சிக்கே ‘அனோ’ என்று பெயர் வைத்தார். ‘அதிருப்தியுற்ற குடிமக்களின் செயல்’ என்பதன் முதலெழுத்துகள் அவை. அதிருப்தியைக் கூட்டி ஆமாம் ஆக்கிய மனிதர் 2017-ல் பிரதமரும் ஆனார்.

கே: பல்கேரியாவில் தலையைப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆமாமாமே?

ப: ஆமாம், மேலே தூக்கி அசைத்தால் இல்லை. நம் ஊர்த் தலையாட்டலுக்கு அங்கே நல்ல மரியாதை கிடைக்கும். வாயைத் திறந்தாலும் நிம்மதியில்லை: சோபியாவில் ‘நே’ என்றால் இல்லை, எல்லை தாண்டிக் கிரேக்கத்தில் ‘நே’ என்றால் ஆமாம். இதில் இன்னொரு வினை, வெளிநாட்டவர் என்று தெரிந்ததும் பல்கேரியர் சிலர் இரக்கப்பட்டு ஊருலக வழக்கப்படி தலையை மாற்றி ஆட்டிவிடுவார்கள். ஆட்டியது எந்த முறையில் என்று கேட்டால் அதற்கும் தலையைத்தான் ஆட்டுவார்கள்.