மடியில் குழந்தை, மலையில் கோடை

பீர்மேட்டுக் கோடையையும் கைக்குழந்தையையும் சேர்த்து வந்த கேள்விகள் இந்த முறை நிறைய. பதில்கள் இதோ.

எங்கள் மகளுக்கு ஒன்றரை மாதம். பள்ளி லீவில் மூத்தவனோடு பீர்மேடு வருகிறோம். சின்னவளுக்குக் காட்ட நல்ல வியூ பாயின்ட் எது?
– போடிநாயக்கனூர் வாசகி

உங்கள் முகம். பிறந்து சில வாரமே ஆன குழந்தைக்கு 20 முதல் 30 செ.மீ. தொலைவில் இருப்பதுதான் ஓரளவு தெளிவாகத் தெரியும். மடியில் கிடத்திப் பால் கொடுக்கும்போது உங்கள் முகம் இருக்கும் தூரம் அது. பருந்துப்பாறையின் பள்ளத்தாக்கும் தாகூர் தலை போலத் தெரியும் பாறையும் மூத்தவனுக்கு. அவனை அப்பா கூட்டிப் போகட்டும். நீங்கள் தங்கிய இடத்துத் திண்ணையில் உட்கார்ந்து சின்னவளோடு பேசிக்கொண்டிருங்கள். உங்களுக்கும் பாறையில் நின்று காற்று வாங்க ஆசை இருக்குமே? மறுநாள் முறையை மாற்றிக்கொள்ளுங்கள்: அப்பா திண்ணையில், நீங்கள் பாறையில்.

பருந்துப்பாறை, பாஞ்சாலிமேடு, வாகமண், தேக்கடி நான்கையும் ஒரே நாளில் முடித்துவிடத் திட்டம் போடாதீர்கள். கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு ஒரு நாளைக்கு ஓர் இடம் போதும். அதுவும் காலையில்.

ஏன் காலையில்? சாயங்காலம்தானே குளுகுளுவென்று இருக்கும்?
– தேனி வாசகர்

குளிர்ச்சியோடு இடியும் வரும். ஏப்ரல், மே மாதங்களில் பகல் 2 மணியிலிருந்து இரவு 10 மணி வரை மின்னலுக்கு எச்சரிக்கையாக இருக்கச் சொல்கிறது கேரளப் பேரிடர் மேலாண்மை ஆணையம். பருந்துப்பாறையும் பாஞ்சாலிமேடும் மரம் அதிகம் இல்லாத திறந்த புல்மேடுகள். அங்கே நிற்கிற ஆள்தான் உயரமான பொருள். இடிச்சத்தம் கேட்டதும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வண்டிக்குள் ஏறிவிடுங்கள். ‘இன்னும் ஒரே ஒரு போட்டோ’ வேண்டாம்.

மூவாயிரம் அடி உயரம், சில்லென்ற காற்று. குழந்தைக்குத் தொப்பி எதற்கு?
– கம்பம் வாசகி

காற்று குளிர்ந்தால் வெயிலும் குறைந்துவிட்டது என்று தோன்றும். தோலைச் சுடுவது வெப்பம் அல்ல, புற ஊதாக் கதிர். உயரம் கூடக் கூட, ஆயிரம் மீட்டருக்குப் பத்து சதவீதம் போல அது கூடுகிறது. அதனால் தொப்பி வேண்டும், முழுக்கைச் சட்டை வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக நிழல் வேண்டும். ஆறு மாதம் நிறையாத குழந்தையை நேர் வெயிலுக்கே கொண்டுபோகாதீர்கள். சன்ஸ்கிரீன் தடவிவிட்டோமே என்ற தைரியம் அந்த வயதுக்கு ஆகாது. சாயங்காலத்துக்கு ஒரு கம்பளிச் சட்டையும் பையில் இருக்கட்டும். மூடுபனி இங்கே மே மாதத்திலும் இறங்கும்.

நாலு மாதக் குழந்தைக்குத் தாகம் எடுக்காதா? ஒரு வாய் தண்ணீர் கொடுத்தால் என்ன என்கிறார் அப்பத்தா.
– உத்தமபாளையம் வாசகி

ஆறு மாதம் வரை தாய்ப்பாலே தண்ணீர், கோடையிலும். அடிக்கடி கொடுங்கள். தாகம் உங்களுக்குத்தான் எடுக்கும். அந்த ஒரு வாய்த் தண்ணீரை நீங்கள் குடிக்க வேண்டும், அதைக் கொண்டுவந்து தருவது அப்பத்தாவின் வேலை.

லயத்துல இருக்கோம். எங்களுக்கு ஏது கோடை விடுமுறை? கொழுந்து எடுத்துட்டு வந்து புள்ளையோட விளையாட நேரம் எங்க இருக்கு?
– தோட்டத் தொழிலாளி, வண்டிப்பெரியாறு

வந்த கேள்விகளில் என்னைப் பிடித்து நிறுத்தியது இதுதான். ஊரிலிருந்து வருகிறவர்கள் படம் பிடித்துக்கொண்டு போகிற பச்சை முழுக்க உங்கள் கை கிள்ளி வளர்த்தது. ஊரார் ஓய்வெடுக்க வருகிற நேரத்தில், கோடை மழை விழுந்து கொழுந்து துளிர்த்து, உங்களுக்கு வேலை கூடிவிடுகிறது.

முதலில் உங்களுக்குச் சேர வேண்டியது. முதல் இரண்டு பிள்ளைகளுக்குப் பேறுகால விடுப்பு 26 வாரம் என்று 2017-இல் சட்டம் திருத்தப்பட்டது. ஐம்பது பெண்களோ அதற்கு மேலோ வேலை செய்யும் தோட்டத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள கிரச் இருக்க வேண்டும் என்று 1951-இலேயே தோட்டத் தொழிலாளர் சட்டம் வகுத்தது. 2000-ஐ ஒட்டிப் பீர்மேட்டில் தோட்டங்கள் மூடியபோது, சம்பளத்தோடு இப்படிப்பட்ட பாதுகாப்பும் எத்தனையோ குடும்பங்களின் கையை விட்டுப் போனது. உங்கள் தோட்டம் ஓடுகிறது என்றால் கிரச் திறந்திருக்கிறதா, அங்கே ஆயா இருக்கிறாரா என்று யூனியனில் கேளுங்கள். நாலு அம்மாக்கள் சேர்ந்து கேளுங்கள். பள்ளிக்கூடம் லீவு என்பதற்காக மூத்த பெண்பிள்ளை இடுப்பில் சின்னதை ஏற்றி விடாதீர்கள். லீவு அவளுக்கும்தான்.

இனி விளையாட்டு. மருந்து தெளித்த காட்டிலிருந்து வந்த நாளில் கை கால் கழுவி, சேலை மாற்றிய பிறகே பிள்ளையைத் தூக்குங்கள். அப்புறம் உங்கள் அரை மணி நேரம். வெந்நீர் வைத்துக் குளிப்பாட்டுவதே ஒரு விளையாட்டு. உங்கள் கை படுகிற சுகத்துக்கு ஈடாகக் கடையில் எந்தப் பொம்மையும் இல்லை. தூளியில் போட்டு, கொழுந்து எடுக்கும்போது உங்கள் வாயில் வருகிற பாட்டையே பாடுங்கள். தாலாட்டு தெரியவில்லை என்ற கவலை வேண்டாம். உங்கள் குரல் எது என்று வயிற்றில் இருக்கும்போதே பிள்ளைக்குத் தெரியும்.

எனக்குப் பாராகிளைடிங் ஆசை. வாகமணுக்குக் குழந்தையோடு போகிறோம். பறக்கலாமா?
– கோட்டயம், புது அப்பா

பறங்கள். இறங்கியதும் குழந்தையை வாங்கிக்கொள்ளுங்கள், மனைவிக்கும் ஓர் ஆசை இருக்கும். அந்த ஆசை தூங்குவது என்றாலும் அந்த நேரம் அவருடையது.

தேக்கடியில் படகில் ஏறலாமா? பத்து மாதக் குழந்தை. மடியில் வைத்துக்கொண்டால் போதாதா?
– சங்கரன்கோவில் வாசகி

போதாது. 2009 செப்டம்பர் 30 அன்று அதே ஏரியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். அதை நினைத்துத்தான் சொல்கிறேன்: குழந்தையின் எடைக்குச் சரியாகப் பொருந்தும் லைஃப் ஜாக்கெட் இருந்தால் ஏறுங்கள், இல்லையென்றால் கரையில் நில்லுங்கள். பெரியவர்களுடையதைப் போட்டு இறுக்கிக் கட்டுவதில் பயனில்லை. தண்ணீரில் குழந்தை அதிலிருந்து நழுவிவிடும்.

கரையிலேயே பார்க்க ஏராளம் இருக்கிறது. குரங்கு தாவும், மலையணில் நீண்ட வாலைத் தொங்கவிட்டுக்கொண்டு கொப்பில் உட்கார்ந்திருக்கும். பத்து மாதத்தில் குழந்தை விரல் நீட்டத் தொடங்கியிருக்கும். அது விரல் நீட்டுவதற்கெல்லாம் பெயர் சொல்லுங்கள். இதைவிட நல்ல படகுச் சவாரி இல்லை.

சித்ரா பௌர்ணமிக்கு மங்கலதேவி கண்ணகி கோயிலுக்குப் போக வேண்டும் என்பது மாமியாரின் வேண்டுதல். ஏழு மாதக் குழந்தையைத் தூக்கிப் போகலாமா?
– கூடலூர் வாசகி

வேண்டுதலின் அருமை புரிகிறது. பக்தர்களுக்கு அந்தக் கோயில் திறப்பது ஆண்டுக்கு ஒரே நாள். தேனி, இடுக்கி இரண்டு மாவட்ட நிர்வாகங்களும் சேர்ந்து ஏற்பாடு செய்யும் நாள். ஆனால் அது பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் மலையுச்சி. குமுளியிலிருந்து ஜீப் குலுங்கிக் குலுங்கி ஏறும், வரிசை நீளும், உச்சி வெயிலில் நிழல் குறைவு. மாமியாரும் கணவரும் போய்வரட்டும். நீங்களும் குழந்தையும் குமுளியில் தங்குங்கள். கண்ணகிக்குப் பிள்ளையின் பெயரில் அர்ச்சனை நடக்கும்; பிள்ளைக்கு மூன்று வயதானதும் நேரிலேயே காட்டலாம்.

நீங்களே போயாக வேண்டும் என்றால் முதல் ஜீப்பில் ஏறி, வெயில் ஏறுமுன் இறங்கிவிடுங்கள்.

சமையல்தான் என் பொழுதுபோக்கு. எட்டு மாத மகனுக்கு இங்கே கிடைப்பதை வைத்து என்ன செய்து தரலாம்?
– ஏலப்பாறை வாசகி

உங்கள் வீட்டுப் பக்கத்து அங்கன்வாடியே தொடங்கி வைத்துவிடும்: ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையான பிள்ளைகளுக்குக் குடும்பஸ்ரீ பெண்கள் தயாரிக்கும் அமிர்தம் பொடி. அதைக் கூழாகக் காய்ச்சி அலுத்துப்போனால், நன்றாக மசித்த நேந்திரம் பழத்தோடு பிசைந்து ஆவியில் வேகவைத்துப் பாருங்கள். பச்சை வாழைக்காயை உலர்த்தித் திரித்த பொடியில் காய்ச்சும் கஞ்சியும், இங்குள்ளவர்கள் பஞ்ஞப்புல்லு என்று சொல்லும் கேழ்வரகுக் கூழும் கோடைக்கு இதமானவை. கேழ்வரகை ஊறவைத்து, அரைத்து, துணியில் பிழிந்து பால் எடுத்துக் காய்ச்சினால் வயிற்றுக்கு லேசு.

பலாப்பழக் காலம் என்பதால் மகன் உங்கள் கையைப் பார்ப்பான். சுளையின் நார் தொண்டையில் சிக்கும். நாரில்லாமல் மசித்து நாக்கில் தொட்டுவைத்தால் போதும். ஒரு வயது வரை உப்பு வேண்டாம், சர்க்கரை வேண்டாம். தேன் கூடவே கூடாது, காட்டில் எடுத்த சுத்தமான மலைத்தேன் என்று யார் சத்தியம் செய்தாலும். அதில் இருக்கக்கூடிய பொட்டுலிசக் கிருமியின் வித்துகளை எதிர்க்கக் கைக்குழந்தையின் குடலுக்குத் தெம்பு கிடையாது.

விடியற்காலை ஐந்தரைக்கே எழுந்து எங்களையும் எழுப்பிவிடுகிறாள் ஒன்பது மாத மகள். லீவிலாவது தூங்க என்ன வழி?
– குட்டிக்கானம் வந்திருக்கும் மதுரைத் தம்பதி

ஒருவர் தூங்குங்கள், மற்றவர் அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வாருங்கள். அந்த நேரத்தில் ஓடைப் பக்கம் யாரோ ஒரு பையன் சீட்டியடித்துக்கொண்டு போவது போலக் கேட்கும். அது சீகாரப் பூங்குருவி, மலையாளத்தில் சூளக்காக்கா. கருநீலப் பறவை, கண்ணில் படுவது அபூர்வம், காதில் விழுவது நிச்சயம். மகள் தலையைத் திருப்பித் தேடுவாள். நீங்களும் பதிலுக்குச் சீட்டியடியுங்கள். உங்கள் வாயையும் மரத்தையும் மாறி மாறிப் பார்ப்பாள். இப்படித்தான் பல பெற்றோருக்குப் பறவை பார்க்கும் பழக்கம் தொற்றுகிறது. செலவு ஒரு நோட்டுப் புத்தகம். போன் வேண்டாம்; இரண்டு வயதுக்குக் கீழே திரை தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இலேயே சொல்லியிருக்கிறது.

பறவையிலேயே நல்ல அப்பா எது?
– ஒன்பதாம் வகுப்பு மாணவி, பீர்மேடு

இருவாச்சி, உங்கள் கேரளத்தின் மாநிலப் பறவை. பெண் பறவை மரப்பொந்துக்குள் போய், வாசலை அடைத்துக்கொண்டு, அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீற்று மட்டும் விட்டு முட்டையிட்டு அடைகாக்கும். ஆண் அத்திப்பழத்தைத் தொண்டையில் சேர்த்துக்கொண்டு வந்து அந்தக் கீற்று வழியே ஒவ்வொன்றாக ஊட்டும். வாரக்கணக்கில் இதே வேலை. கோடைதான் அதற்குப் பிள்ளை வளர்க்கும் காலம். அப்பாவிடம் படித்துக் காட்டு.

கம்பத்திலிருந்து பைக்கில் வரலாமா? மகனுக்கு ஆறு மாதம், நடுவில் உட்கார்த்திக்கொள்வோம்.
– கம்பம் வாசகர்

வேண்டாம். ஒன்பது மாதம் முதல் நாலு வயது வரையான பிள்ளைக்கு ஹெல்மெட், ஓட்டுகிறவரோடு இணைக்கும் பாதுகாப்பு வார், வேகம் 40 கி.மீ.க்குள் என்று 2023 பிப்ரவரி முதல் விதி இருக்கிறது. ஆறு மாதக் குழந்தையின் கழுத்து ஹெல்மெட்டின் பாரத்தைத் தாங்காது. பஸ்ஸில் வாருங்கள். இரண்டு வயதுக்குள் வண்டி மயக்கம் வருவது அபூர்வம், காதுதான் அடைக்கும். லோயர் கேம்பிலிருந்து குமுளி ஏறும்போது பால் குடிக்கட்டும், விழுங்க விழுங்கச் சரியாகிவிடும்.

ஜூனில் வந்தால் கூட்டமும் இல்லை, அறை வாடகையும் குறைவு. வரலாமா?
– மீண்டும் கம்பம் வாசகர்

ஜூனில் காலவர்ஷம், அதாவது தென்மேற்குப் பருவமழை, இறங்கிவிடும். 2021 அக்டோபரில் பீர்மேடு தாலுகாவின் கொக்கையாறில் மண் சரிந்து உயிர்கள் போயின. அதனால் மழைக்காலம் முழுக்க மாவட்ட எச்சரிக்கையைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். ஆரஞ்சு, சிவப்பு என்றால் கம்பத்திலேயே இருங்கள். டிசம்பர் நல்லது. அதற்குள் மகன் எழுந்து நின்று பிடித்துப் பிடித்து நடக்கத் தொடங்கியிருப்பான். மாடி அறையைத் தவிர்த்து, படி இல்லாத தரைத்தள அறையாகக் கேட்டு வாங்குங்கள்.