கமிஷனிங்குக்கு வந்தவரைக் காஞ்சிபுரம் கூட்டிப்போவது எப்படி?

இருங்காட்டுக்கோட்டை சிப்காட்டில் சம்பளம் வாங்கும் எவருக்கும் அந்த ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் வந்தே தீரும். பிரெஸ் ஷாப்பில் புது மெஷின் இறங்கியாயிற்று. அதை ஓட்டிக் காட்ட இத்தாலியிலிருந்து ஒருவர் வந்திருக்கிறார். சனிக்கிழமை சாயங்காலம் பிளான்ட் ஹெட் உங்கள் தோளில் கை போட்டு, "நாளைக்கு சாரை எங்கயாவது கூட்டிட்டுப் போயிட்டு வாங்களேன்" என்பார். இந்தச் சாலையில் 'எங்கயாவது' என்றால் காஞ்சிபுரம். ஞாயிறு பிரியாணி போயிற்று என்று முகம் சுளிக்காதீர்கள். கீழே உள்ளபடி செய்யுங்கள். பாதியை ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள். மீதியையும் ஒழுங்காகச் செய்துவிடலாம்.

1. விருந்தாளியின் ஆசையை முதலிலேயே கிள்ளி எறியுங்கள்.
வந்தவர் டஸ்கனிக்காரர், சியான்டி பக்கம். அவர் ஊரில் விருந்தாளி வந்தால் ஒரு கார், ஒரு கைடு, மூன்று திராட்சைத் தோட்டம், நடுவில் மூன்று மணிநேரச் சாப்பாடு என்று ஒரு நாளை ஓட்டுவார்கள். அந்த நினைப்பில், "இங்கே ஒயினுக்குப் பேர்போன இடம் உண்டா?" என்று கேட்பார். கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததைச் சொல்லிவிடாதீர்கள். ஒரு நாளில் போய்வர முடியாத தூரம், அப்புறம் இரண்டு நாள் லீவு கேட்பார். போகிற வழியில் ஒரு டாஸ்மாக்கைக் காட்டி, "அதுதான் ஒயின் ஷாப்" என்று மட்டும் சொல்லுங்கள். அங்கே ஒயினைத் தவிர எல்லாம் விற்கும் என்பதை அவரே கண்டுபிடிக்கட்டும்.

2. பத்தரைக்குக் கிளம்புங்கள்.
தூரம் நாற்பது கிலோமீட்டர் சொச்சம்தான். ஏழு மணிக்குக் கிளம்பினால் எட்டரைக்குள் கோயில் வாசலில் நின்றுவிடுவீர்கள், வெயிலும் ஏறியிருக்காது. அப்படி ஒரு தவறு நேராமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. நெமிலி சுங்கச்சாவடி, பல வருஷமாக நடக்கும் ஆறுவழிச்சாலை வேலை, நடுவில் ஒரு டீசல், ஒரு டீ. கணக்குப் போட்டால் பன்னிரண்டு இருபதுக்குக் காஞ்சியில் இருப்பீர்கள். பெரிய கோயில்கள் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு நடை சாத்திவிட்டு நாலு மணிக்குத்தான் திறக்கும். சாத்திய கதவின் முன்னால் நின்று, "அடடா, இன்னிக்கு சீக்கிரம் மூடிட்டாங்க போல" என்று கோயிலைக் குறை சொல்லுங்கள்.

3. வழியில் எதையும் சொல்லாதீர்கள்.
ஸ்ரீபெரும்புதூரைக் கடக்கும்போது போனைப் பாருங்கள். ராமானுஜர் பிறந்த ஊர் என்று சொன்னால் அவர் யார் என்று கேட்பார். 1991 மே 21 அன்று ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட இடம், நினைவிடம் இருக்கிறது என்று சொன்னால் வண்டியை நிறுத்தச் சொல்வார். மாறாக, கொரிய எழுத்தில் பெயர்ப்பலகை வைத்த சாப்பாட்டுக் கடைகளைக் காட்டி, "இங்கே எல்லாம் கொரியாதான் சார்" என்று பெருமைப்படுங்கள். 1998இல் ஹூண்டாய் முதல் சாண்ட்ரோவை இறக்கியதிலிருந்துதான் இந்தச் சாலைக்குச் சரித்திரம் தொடங்குகிறது என்று அவர் நம்பினால், உங்கள் வேலை பாதி முடிந்தது.

4. கைடு.
சுற்றுலாத் துறை அடையாள அட்டையோடு ஒருவர் கிடைப்பார். வேண்டாம். அவர் கல்வெட்டைக் காட்டிப் பேசுவார், எந்தப் பல்லவன் எந்தக் கோயிலைக் கட்டினான் என்று பிரித்துச் சொல்வார், நேரம் போய்விடும். டிரைவருக்குத் தெரிந்த ஒரு தம்பி இருப்பார். எல்லாக் கோயிலும் இரண்டாயிரம் வருஷம், எல்லாச் சிலையும் ஒரே கல், எல்லாத் தூணிலும் சங்கீதம். அவரை அமர்த்துங்கள். அவருக்கு நீங்கள் காசு கொடுக்கவே தேவையில்லை. ஏன் என்று ஆறாம் படியில் புரியும்.

5. சாப்பாடு.
வரதராஜப் பெருமாள் கோயில் பிரசாதமாக ஒரு இட்லி உண்டு. மிளகு, சீரகம், சுக்கு சேர்த்து, மூங்கில் குடலையில் மந்தாரை இலை சுற்றி வேகவைப்பது. அதைத் தேடிப் போகாதீர்கள். ஏசி ஹோட்டலில் பனீர் பட்டர் மசாலா சொல்லுங்கள். இத்தாலிக்காரர் என்பதால், "பாஸ்தா இருக்கா?" என்று ஒரு தடவை விசாரித்துப் பாருங்கள். இருந்தால் அதையே வரவழையுங்கள்.

6. பட்டுக்கடை.
இதுதான் நாளின் உச்சம். நாலு மணிவரை கோயில் இல்லை; வெயிலோ மண்டையைப் பிளக்கிறது. காந்தி ரோட்டில் வண்டி தானாகவே ஒரு கடை வாசலில் நிற்கும். எந்தக் கடை என்று நீங்கள் யோசிக்க வேண்டாம், டிரைவர் யோசித்துவிட்டார்.

விருந்தாளியின் ஆறடி உடம்பை வெள்ளை மெத்தையில் சப்பணம் போட்டு உட்கார வையுங்கள். கையில் கூல் டிரிங்க்ஸ் கொடுங்கள். அவர் ஊரில் ஒயினை ஒரு வாய் சுவைத்துவிட்டுத் துப்ப ஒரு பாத்திரம் வைப்பார்கள். நடுவில் ஒரு துண்டு ரொட்டி. இங்கே அந்த வசதி கிடையாது, முழுப் பாட்டிலையும் குடித்தாக வேண்டும். குடித்து முடிப்பதற்குள் அவர் மடியில் இருபது சேலை விரிந்திருக்கும். கல்யாணம் ஆகாதவர் என்று தெரிந்தால் இருபத்தைந்து: "அம்மாவுக்கு எடுங்க சார்."

ஒரு நூலை உருவிக் கொளுத்திக் காட்டுவார்கள். முடி கருகும் வாசனை வந்தால் பட்டு. அவர் ஆச்சரியப்படட்டும், அது பட்டு என்பதற்குத்தான் சாட்சி, காஞ்சிபுரத்தில் நெய்தது என்பதற்கல்ல என்று நீங்கள் குறுக்கிடாதீர்கள். சரிகையைப் பற்றி மூச்சு விடாதீர்கள். பட்டு நூல்மேல் வெள்ளியைச் சுற்றித் தங்கமுலாம் பூசியது அசல் சரிகை. அதைத் தயாரிக்க இதே ஊரில் தமிழ்நாடு ஜரிகை ஆலை என்று அரசாங்க நிறுவனமே இருக்கிறது. ஒரு எஞ்சினியரிடம் இதைச் சொன்னால் மெத்தையை விட்டு எழுந்துவிடுவார்.

அப்போது அவர் ஒரு கேள்வி கேட்பார். அதற்குத் தயாராகப் போங்கள். "எங்கள் சியான்டிக்கு எல்லை எது என்று மூன்றாம் கோசிமோ என்ற பிரபு 1716லேயே ஆணை போட்டார். 1924இல் உற்பத்தியாளர்கள் சங்கம் வைத்தார்கள். பாட்டில் கழுத்தில் கருப்புச் சேவல் இருந்தால்தான் அசல். உங்கள் சேலைக்கு அப்படி ஏதாவது உண்டா?"

உண்டு. காஞ்சிபுரம் பட்டு, புவிசார் குறியீடு சட்டம் வந்தபின் முதல் சில வருஷங்களிலேயே பதிவாகிவிட்டது. சில்க் மார்க் என்று தனி முத்திரை இருக்கிறது. எந்தெந்த ரகத்தைக் கைத்தறியில் மட்டுமே நெய்யலாம் என்று 1985இல் நாடாளுமன்றம் சட்டமே போட்டது. நீங்கள் சொல்ல வேண்டிய பதில்: "இருக்கு சார். ஐஎஸ்ஓ."

"கைத்தறிதானே?" என்று அவர் விடாமல் கேட்டால் கடைக்காரர் பார்த்துக்கொள்வார். ஒரு கடையில் என் காதாலேயே கேட்டேன்: "ஹேண்ட்லூம்தான் சார், கையாலதான் சுவிட்ச் போடுறோம்." மொழிபெயர்க்க வேண்டாம்.

பில் போட்டதும் டிரைவரும் தம்பியும் கல்லாப் பக்கம் ஒதுங்குவார்கள். விருந்தாளி அதைப் பார்த்து என்ன நடக்கிறது என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள்: "கமிஷனிங்." அவருக்குப் பழகிய சொல்தான். கடை விசிட்டிங் கார்டு பத்து கொடுப்பார்கள். பர்ஸில் பத்திரமாக வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

7. எக்காரணம் கொண்டும் தறியைக் காட்டாதீர்கள்.
கடை மூலையில் ஷோவுக்கு ஒரு தறி தூசி படிந்து நிற்கும். அதன் பக்கத்தில் அவரை நிறுத்தி ஒரு போட்டோ எடுங்கள். "ஓடுகிற தறி பார்க்கலாமா?" என்றால், "அதெல்லாம் ரொம்ப தூரம் சார்" என்று சொல்லுங்கள். பிள்ளையார்பாளையம் ஊருக்குள்ளேயேதான் இருக்கிறது.

அங்கே போனால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். வீட்டுக்குள் நுழைந்தால் கூடத்தை அடைத்துக்கொண்டு தறி. அதற்குப் பின்னால்தான் அடுப்பும் படுக்கையும். குழிக்குள் கால் விட்டு ஒருவர் மிதிக்கிறார். கோர்வைச் சேலையென்றால் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். மூன்று நாடா ஓடும், பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து ஒரு நாடாவைத் தள்ளிக் கொடுக்க வேண்டும். பெரும்பாலும் மனைவி, இல்லாவிட்டால் பெற்ற பிள்ளை. முந்தி வேறு நிறமானால் பாவு இழைகளை ஒவ்வொன்றாகப் பழைய இழையோடு இணைத்துத் தட்டும் பேட்னி வேலை தனி. மேலே ஜக்காடு பெட்டியில் துளை போட்ட அட்டைகள் கோத்துத் தொங்கும். எந்தத் துளையில் எந்த இழை தூக்க வேண்டும் என்று அட்டை சொல்லும், தறி கேட்கும். உங்கள் விருந்தாளி பிழைப்புக்காகச் செய்கிற வேலையே அதுதான். அவர் அட்டைக்குப் பதில் பிஎல்சியில் எழுதுகிறார். தன் தொழிலின் பாட்டனைப் பார்த்தவர் நகர்வாரா? குழிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிடுவார்.

உட்கார்ந்ததும், "சைக்கிள் டைம் எவ்வளவு?" என்பார். வேலைப்பாட்டைப் பொறுத்து பத்து நாள், இருபது நாள். "மேன்பவர்?" இரண்டு. அடுத்து, "கூலி எவ்வளவு?" என்பார். இங்கேதான் நீங்கள் மாட்டிக்கொள்வீர்கள். மெத்தையில் உட்கார்ந்து விலை பேசும்போது உங்களுக்கு அந்தக் கேள்வி தோன்றவே இல்லையே.

இன்னொரு ஆபத்தும் உண்டு. இந்தப் பக்கத்துத் தெருக்களிலிருந்து விடியற்காலை கம்பெனி பஸ் ஏறி நம் சிப்காட்டுக்கு வருகிற பையன்கள் பல பேர். உங்கள் லைனிலேயே பி ஷிஃப்டில் ஒருவன் இருக்கலாம். அப்பா நெய்கிறார், அம்மா நாடா தள்ளுகிறார், அவன் பேனல் ஏற்றுகிறான். அவனிடம் சனிக்கிழமையே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டிலேயே காபியோடு முடிந்திருக்கும். ஆகவே லைனில் யாரிடமும் எந்த ஊர் என்று கேட்காதீர்கள். ஐடி கார்டு நம்பர் போதும்.

8. கோயில், ஒருவழியாக.
நாலரைக்குக் காமாட்சியம்மன் கோயில். ஷூவைக் கழற்ற வையுங்கள், கால் கழுவ வையுங்கள், வரிசையில் முக்கால் மணிநேரம் நிற்க வையுங்கள். இந்து அல்லாதாருக்கு எதுவரை அனுமதி என்பதை முன்கூட்டியே விசாரித்துவிடாதீர்கள். உள்ளே நிறுத்தப்பட்டதும் அவரைத் தூணோரம் விட்டுவிட்டு நீங்கள் நிம்மதியாகச் சேவித்துவிட்டு வாருங்கள். அவர் பங்குக்குக் குங்குமம் கொண்டுவரலாம்.

வரதராஜர் கோயிலில் அத்திவரதர் கதையைச் சொல்லுங்கள். குளத்துக்குள் இருந்து நாற்பது வருஷத்துக்கு ஒருமுறை எழுந்தருள்வார், கடைசியாக 2019. "கொஞ்சம் லேட்டா வந்துட்டீங்க சார். அடுத்தது 2059."

கைலாசநாதரைக் கடைசிக்குத் தள்ளுங்கள். அங்கே கூட்டம் இல்லை, தள்ளுமுள்ளு இல்லை, தொல்லியல் துறை பராமரிப்பு, யாரும் எங்கும் உட்கார்ந்து பார்க்கலாம். ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முன் இராஜசிம்மன் எழுப்பிய மணற்கல் கோயில். சுற்றிலும் ஐம்பத்தெட்டுச் சிறு சன்னதிகள், சிலவற்றில் பழைய ஓவியத்தின் நிறம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஃபிளாரன்ஸில் சுவரோவியம் பார்த்து வளர்ந்த மனிதர் அந்த ஒரு விரற்கடை நிறத்துக்காக ஒரு மணிநேரம் நிற்பார். அதனால்தான் இருட்டும் நேரத்தில் போகச் சொல்கிறேன். பத்து நிமிஷம். கருவறையைச் சுற்றித் தவழ்ந்து போகும் குறுகலான வழி உண்டு. தவழ்ந்து வந்தால் மறுபிறவி இல்லை என்பார்கள். அவரை உள்ளே அனுப்பி, வெளியே வரும்போது வீடியோ எடுத்துக் குரூப்பில் போடுங்கள்.

9. திரும்பும்போது தூங்கிவிடுவார். பேச்சுக் கொடுக்காதீர்கள்.
"கெஸ்ட் வெரி ஹேப்பி" என்று பிளான்ட் ஹெட்டுக்கு மெசேஜ் போடுங்கள். டீசல், டோல், பனீர் பட்டர் மசாலா பில்களைப் பின் அடித்துக் கொடுங்கள்.

10. பதில் மரியாதை.
ஆறு மாதம் கழித்து அடுத்த மெஷினைச் சோதித்து ஒப்புதல் கொடுக்க உங்களை இத்தாலிக்கு அனுப்புவார்கள். அவர் மறக்கமாட்டார். ஞாயிறு காலை ஏழுக்கே ஹோட்டல் வாசலில் காரோடு நிற்பார். கைடு அவரேதான். அவர் மாமா தோட்டத்துக்குக் கூட்டிப்போவார்.

மாமா கடைக்குக் கூட்டிப்போகமாட்டார், நேரே தோட்டத்துக்குள் இறக்கிவிடுவார். களிமண் பாறை நொறுங்கின மண்ணை உங்கள் உள்ளங்கையில் வைத்து, "கலெஸ்ட்ரோ" என்பார். தலையாட்டுங்கள். நூற்றுக்கு எண்பது பங்காவது சாஞ்சொவேசே திராட்சை இருந்தால்தான் சேவல் கிடைக்கும் என்று விளக்குவார். ஒரு பாட்டில் நம்ம காசுக்கு எவ்வளவு என்று கேட்டு, போனில் பெருக்கிப் பார்த்து, அதிர்ச்சியடையுங்கள். நிலவறையில் பீப்பாய்களைத் தட்டிக் காட்டுவார். யார் அறுத்தது, யார் பிழிந்தது, எந்த வருஷம் மழை கெடுத்தது என்று ஒவ்வொரு பீப்பாய்க்கும் ஒரு கதை வைத்திருப்பார். தயிர் சாதம் கிடைக்குமா என்று விசாரியுங்கள்.

சாப்பாட்டு மேஜையில் விரித்திருப்பது நீங்கள் வாங்கிக்கொடுத்த அரக்குப் பட்டு. மேலே ஆலிவ் எண்ணெய்க் கிண்ணம். பதறாதீர்கள். மாமா சரிகைக் கரையை விரலால் தடவிக்கொண்டே, "இதை நெய்தவர் யார்?" என்று கேட்பார்.

பர்ஸைத் திறந்து விசிட்டிங் கார்டை நீட்டுங்கள்.