கிளச்சுப் பெட்டியும் மாமியின் தேங்காயெண்ணெயும்

திருகோணமலைச் சாம்பல்தீவில் ஒருவருடைய காரில் பழுது என்றால் அது அவருடைய சொந்த விஷயம் இல்லை. நிலாவெளி றோட்டோரம் பொனெட்டைத் திறந்துவிட்டுச் சும்மா நின்றால் போதும். சைக்கிளில் போகிறவர் இறங்கி வந்து "காபரேட்டர்" என்பார். மீன் வாங்கி வருகிறவர் "பிளக்" என்பார். கிளச்சோ எஞ்சினுக்கும் கியர் பொக்ஸுக்கும் நடுவில் ஒளிந்திருக்கிறது. கண்ணால் கண்டவர்கள் குறைவு. அதனாலேயே அதைப் பற்றி எல்லாரும் இன்னும் உறுதியாகப் பேசுவார்கள்.

எங்கள் பழைய டிஎக்ஸ் வாகனின் கிளச் தேய்ந்ததில் கனடா மச்சானுக்குப் பாதிப் பங்கு, கோணேசர் கோயில் மான்களுக்குப் பாதிப் பங்கு. மச்சான் ஸ்காபரோவில் ஒட்டோ கியர் ஓட்டுகிறவர். அங்கே இடது காலுக்கு வேலை இல்லை. இங்கே வந்ததும் அது கிளச் பெடலில் ஏறி உட்கார்ந்தது, இறங்கவேயில்லை. பிரெட்றிக் கோட்டைக்குள்ளால் கோயிலுக்கு ஏறும்போது ஒரு மான் நடு றோட்டில் நின்று யோசித்தது. மச்சான் பிரேக் பிடிக்கவில்லை. எஞ்சினை உறுமவிட்டு, அரைக் கிளச்சிலேயே வண்டியை ஏற்றத்தில் தாங்கிக்கொண்டு, மான் முடிவெடுக்கும்வரை காத்திருந்தார். கருகல் மணம் வந்தது. "கோயில் கற்பூரம்" என்றார்.

அடுத்த நாள் எஞ்சின் கத்தியது. கார் அசைய மறுத்தது.

"பழசைத் தள்ளிவிட்டு வேறு வாங்குங்கோ" என்று மச்சான் சொன்னார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025 பெப்ரவரியில்தான் சொந்தப் பாவனைக் கார்களுக்குக் கதவைத் திறந்த நாடு இது. இடைப்பட்ட காலத்தில் ஓட்டை வாகன்கூட நகைபோல விலை ஏறியது. யாரும் எதையும் தள்ளுவதில்லை. கிளச் வாங்குவதுதான் வழி. ரவுணில் கிடைக்காவிட்டால் கொழும்புப் பஞ்சிகாவத்தை, அதாவது ஏறத்தாழ 260 கிலோமீட்டர்.

"ஒறிஜினலா, வேற கொம்பனியா?" என்பது கடைக்காரரின் முதல் கேள்வி. வேற கொம்பனி என்றால் போலி என்று பயப்படத் தேவையில்லை. கார்க் கொம்பனிகளுக்குக் கிளச் செய்து கொடுக்கும் ஜப்பானின் ஐசினும் எக்ஸெடியும் தங்கள் பெயரிலும் பெட்டி போட்டு விற்கின்றன. 1942 ஏப்ரல் 9 அன்று திருகோணமலைக்குக் குண்டோடு வந்த ஜப்பான், இப்போது கிளச் பிளேட்டோடு வருகிறது. நல்ல முன்னேற்றம்.

மெக்கானிக் அண்ணனுக்கு ஒரு சட்டம் உண்டு: கியர் பொக்ஸை இறக்கமுதல் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்க்கவேண்டும். இறக்கிய பிறகு சாமான் பிழைத்தால், மாற்றி வாங்க அந்தக் காரிலேயே போக முடியாதல்லவா! ஆகவே விறாந்தையில் பேப்பர் விரித்துப் பெட்டியை உடைத்தோம். குடும்பம் முழுக்கக் கூடிவிட்டது.

முதலில் பிளேட். "இடியப்பத் தட்டுப்போல இருக்கு" என்றார் மாமி. இரண்டு பக்கமும் உராயும் பட்டை, நடுவில் சுற்றிவர நாலு குட்டிச் சுருள்வில். எஞ்சினின் உதறல் கியர் பொக்ஸுக்குப் போகாமல் அவை வாங்கிக்கொள்ளும். நடுத்துளையின் பற்கள் கியர் பொக்ஸ் சாப்டின் பற்களோடு ஒத்துப்போகவேண்டும். ஒரு பல் வித்தியாசமென்றாலும் பிளேட் ஏறாது. எந்தப் பக்கம் எஞ்சினின் பிளைவீலைப் பார்க்கவேண்டும் என்று பொடி எழுத்தில் அடித்திருக்கும். திருப்பிப் பூட்டினால், நடுவில் புடைத்த பகுதி போய்ப் பிளைவீலில் இடிக்கும்.

அடுத்தது பிரஷர் பிளேட். பிளேட்டைப் பிளைவீலோடு அழுத்திப் பிடிப்பது அதுதான். நடுவில் விரல்கள்போல நீட்டிக்கொண்டிருக்கும் தகடுகளை ரிலீஸ் பெயாரிங் தள்ளினால் பிடி விடும். மிதித்தால் விடும், விட்டால் பிடிக்கும். மச்சானின் கால் சும்மா கிடந்தாலும் அந்தப் பெயாரிங் சும்மா சுற்றிச் சுற்றித் தேய்ந்துகொண்டேயிருந்திருக்கிறது. புதுப் பெயாரிங்கை மருமகன் மண்ணெண்ணெயில் கழுவப் போனான். அண்ணன் பாய்ந்து பறித்தார். உள்ளே அடைத்த கிரீஸ் கரைந்துவிட்டால் புதுசும் பழசுதான்.

இந்த நேரத்தில்தான் மாமி தேங்காயெண்ணெய்ப் போத்தலோடு வந்தார். "ஒரு சொட்டு விட்டா வழுக்கிக்கொண்டு ஓடும் தம்பி."

"அதுதான் மாமி பயம்" என்றார் அண்ணன். கிளச்சுக்கு வேலையே வழுக்காமல் இருப்பது. எண்ணெய்க் கையால் பட்டையைத் தொடவும் விடமாட்டார். சாப்டின் பற்களில் மட்டும், துடைத்ததுபோல மெல்லிசாகக் கிரீஸ்.

பெட்டியின் அடியில் ஒரு பிளாஸ்டிக் குச்சி இருந்தது. பிளேட்டை நடுவில் நிறுத்திப் பூட்ட அதுதான் உதவும். அது இல்லாமல் பூட்டினால் கியர் பொக்ஸ் உள்ளே போகாமல் அடம்பிடிக்கும். வேலை தொடங்கும்போது குச்சியைக் காணவில்லை. சின்னவள் அதைக் கோயில் நாதஸ்வரமாக்கி முற்றத்தில் வாசித்துக்கொண்டிருந்தாள். மிட்டாய் கொடுத்து மீட்டோம்.

பின்னேரம் கியர் பொக்ஸ் ஏறியது. அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு சாவியை என்னிடம் நீட்டினார்: "முதல் ஐந்நூறு கிலோமீட்டருக்கு ஏற்றம் வேண்டாம், பாரம் வேண்டாம், கடற்கரை மணல் வேண்டாம், மச்சான் வேண்டாம்."

"கடைசியா சொன்னது பெட்டியில எழுதியிருக்கா?" என்று கேட்டார் மச்சான்.