ஒரே பங்களா, நாலு பாகம்

கேள்வி: ‘அரண்மனை’ நாலு பாகம் வந்தாச்சு. நாலும் ஒரே அரண்மனையா? — வில்லியனூர் வாசகர்

பதில்: இல்லை. கட்டடம் வேறு, குடும்பம் வேறு, பேயும் வேறு. 2014 செப்டம்பரில் முதல் பாகம், 2016 ஜனவரியில் இரண்டு, 2021 ஆயுத பூஜைக்கு மூன்று, 2024 மே மாதம் நான்கு. நான்கையும் இயக்கியவர் சுந்தர்.சி, பேயின் பூர்வோத்திரத்தைத் துருவிக் கண்டுபிடிக்கும் வேலையும் படத்துக்குப் படம் அவருக்குத்தான். நான்காம் பாகம் புரிய முதல் மூன்றைப் பார்த்திருக்க வேண்டியதில்லை. தமிழில் பேய்ப்பட வரிசை என்றால் தொடர்வது கதையல்ல, சமையல் பக்குவம். ஒரு பெரிய வீடு, அதை விற்கவோ விசேஷத்துக்கோ கூடும் சொந்தங்கள், ராத்திரியில் போகக் கூடாத ஒரு பக்கம், சரியாக அங்கேயே போகும் ஒரு காமெடியன், இடைவேளையில் பேய், அப்புறம் ஃப்ளாஷ்பேக், முடிவில் கோயில்.

கேள்வி: இதற்குப் பிள்ளையார் சுழி போட்டவர் யார்? — பாகூர் வாசகர்

பதில்: 1978இல் துரை இயக்கிய ‘ஆயிரம் ஜென்மங்கள்’ படத்திலேயே தங்கைக்குள் புகுந்த ஆவியோடு அண்ணன் ரஜினிகாந்த் மல்லுக்கட்டினார். அதுவும் சொந்தச் சரக்கல்ல. 1976இல் வந்த ‘யக்ஷகானம்’ என்ற மலையாளப் படத்தின் தழுவல். முதல் ‘அரண்மனை’யில் ஆண்ட்ரியாவுக்கு அண்ணனாக சுந்தர்.சி வந்ததைப் பார்த்த பெரியவர்களுக்கு இந்தப் படம் ஞாபகம் வந்திருக்கும்.

கல்லாப்பெட்டிக்குப் பிள்ளையார் சுழி போட்டது 2005இன் ‘சந்திரமுகி’. 1993இல் வந்த ‘மணிச்சித்திரத்தாழ்’தான் அதற்கு மூலம். வேடிக்கை என்னவென்றால், அதில் பேயே கிடையாது. கதாநாயகிக்கு மனநோய் என்று டாக்டர் விளக்கம் சொல்லிவிடுவார். சென்னை சாந்தி தியேட்டரில் 800 நாளுக்கு மேல் ஓடிய படத்தில் திரையுலகம் எடுத்துக்கொண்டது டாக்டரை அல்ல, பங்களாவை.

அடுத்து ராகவா லாரன்ஸ். 2007இல் ‘முனி’, 2011இல் ‘காஞ்சனா’, 2015இலும் 2019இலும் அதன் அடுத்த பாகங்கள். அதுவரை பேயை எதிர்க்கும் கதாநாயகன் தைரியசாலியாக இருந்தான். ராத்திரி ஒன்றுக்குப் போக அம்மாவைத் துணைக்கு எழுப்புகிறவனைக் கதாநாயகனாக்கியதுதான் லாரன்ஸின் கண்டுபிடிப்பு. தியேட்டரில் பாதிப் பேருக்கு அது சொந்தக் கதை.

கேள்வி: நம் ஊர்ப் பேய்கள் ஏன் இவ்வளவு நீளமாகக் கதை சொல்கின்றன? இங்கிலீஷ் பேய் பேசாமல் அடிக்கிறதே? — கரையாம்புத்தூர் வாசகர்

பதில்: இந்தப் படங்களின் உயிர்நாடியே அந்தக் கதைதான். தமிழ்த் திரைப் பேய் பெரும்பாலும் ஒரு மனுதாரர். ‘முனி’யில் வருவது அரசியல்வாதியை நம்பி ஏமாந்து கொல்லப்பட்டவரின் ஆவி. ‘காஞ்சனா’வில் சரத்குமார் நடித்த திருநங்கை, ஆஸ்பத்திரி கட்ட வாங்கிய நிலத்தை ஆள்பலம் உள்ளவர் அபகரித்ததால் உயிரை விட்டவர். வயலெல்லாம் கல் நட்டு மனைப் பிரிவாகிக்கொண்டிருக்கும் வில்லியனூர், பாகூர்ப் பக்கத்து ஆட்களுக்கு இந்த ஆவியின் கோபத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. வாய்தா மேல் வாய்தா வாங்கியும் தீராத நில வழக்கு இடைவேளைக்குப் பிறகு தலைவிரி கோலமாக வருகிறது, அவ்வளவுதான்.

இதன் வேர் சினிமாவுக்கு முந்தியது. பழைய தென்னார்க்காட்டுப் பக்கம் பேயோட்டும் பூசாரி முதலில் அடிப்பதில்லை, விசாரிக்கிறார்: நீ யார், எந்த ஊர், எப்படிச் செத்தாய், என்ன வேண்டும்? உடுக்கை அடித்துப் பாடப் பாட, பிடிபட்டவரின் வாய் வழியாக ஆவி பதில் சொல்லும். கேட்டதைக் கொடுத்து, உச்சிமுடியில் ஒரு கற்றையைப் புளியமரத்தில் ஆணியடித்தால் விவகாரம் முடிந்தது. அந்த விசாரணை ஃப்ளாஷ்பேக் ஆயிற்று. ஆணி அடிக்கும் வேலையை கிராஃபிக்ஸ் பார்த்துக்கொள்கிறது. அமாவாசை தோறும் மேல்மலையனூர் அங்காளம்மன் ஊஞ்சலுக்குப் போகிறவர்களுக்குக் கடைசிக் காட்சியில் அம்மன் பாட்டு ஏன் வருகிறது என்றும் சொல்லித்தர வேண்டாம்.

கேள்வி: பேய்க்குப் புதுச்சேரி மேல் அப்படி என்ன பிரியம்? — அரியூர் வாசகர்

பதில்: பேய்க்கு அல்ல, கதாசிரியர்களுக்கு. ‘பீட்சா 2: வில்லா’ (2013) படத்தில் எழுத்தாளனுக்கு அப்பா விட்டுப்போகும் பங்களா புதுச்சேரியில் இருக்கிறது. ‘டிடி ரிட்டர்ன்ஸ்’ படத்தில் சந்தானம் கூட்டம் போய் மாட்டிக்கொள்ளும் சூதாட்ட பங்களாவும் இங்கேதான். தோற்றால் உயிர் போகும் விளையாட்டை அங்கே பேய்களே நடத்துகின்றன. 2023 ஜூலை 28 அன்று அந்தப் படமும் ‘பீட்சா 3: தி மம்மி’யும் ஒரே நாளில் வெளிவந்தன. பேய்களுக்கு ஆடியில் தள்ளுபடி போலும்.

உயர்ந்த கூரை, இரட்டைக் கதவு ஜன்னல், வாயில் நுழையாத பிரெஞ்சுப் பெயர் என்று மூன்றும் ஒரே இடத்தில் கிடைப்பதால், வெளியூர் ரசிகருக்கு ‘பாண்டிச்சேரி பங்களா’ என்றாலே பாதிக் கதை சொன்ன மாதிரி. நிஜத்தில் கடற்கரைப் பக்கத்துப் பழைய வீடுகள் பல ஓட்டல்களாகிவிட்டன. சனி, ஞாயிறில் மனுஷனுக்கே அங்கே ரூம் கிடைப்பதில்லை.

கேள்வி: ராத்திரிக் காட்சிகளை நிஜமாகவே ராத்திரியில்தான் எடுப்பார்களா? — திருக்கனூர் வாசகர்

பதில்: வீட்டுக்குள் நடக்கும் காட்சி என்றால் அவசியமில்லை. பகலிலேயே ஜன்னலுக்கு வெளிப்புறம் கறுப்புத் துணியை இழுத்துக் கட்டிவிட்டால் உள்ளே நள்ளிரவு. நிலா வெளிச்சத்துக்கு நீலத்தாள் ஒட்டிய விளக்கு. கொஞ்சம் புகை போட்டால்தான் ஒளிக்கதிர் கோடாகத் தெரியும். பேய் சுவரேறுவது ரோப்பில். இடுப்பில் பட்டை, மேலே கப்பி, இழுக்க நாலு பேர். கயிற்றைப் பிறகு கம்ப்யூட்டரில் அழித்துவிடுவார்கள். சோற்றுக்காக நாலு மணி வரை காத்திருந்த பேயின் முகவாட்டம் மட்டும் சில படங்களில் அழியாமல் தங்கிவிடுகிறது.

பயத்தில் பெரும்பங்கு காதுக்கு. கதவின் கிரீச்சும் கொலுசும் பெரும்பாலும் ஒலிக்கூடத்தில் தனியாகச் சேர்க்கப்படுபவை. தூக்கிப்போடும் காட்சிக்குச் சற்று முன்னால் பின்னணி இசையும் சில்வண்டுச் சத்தமும் சேர்ந்தே அடங்கும். அந்த அமைதி வந்ததும் பக்கத்து சீட்டுக்காரர் கையிலிருக்கும் காபியிலிருந்து தள்ளி உட்காருவது உத்தமம்.

கேள்வி: ‘அரண்மனை 4’இல் வரும் தண்ணீர்ப் பேய் ஊசுடு ஏரிக்கு வருமா? — பத்துக்கண்ணு வாசகர்

பதில்: வராது. அதன் பெயர் பாக். அசாம் நாட்டுப்புறக் கதைகளில் குளத்தையும் ஆற்றையும் ஒட்டி வாழும், மீன் என்றால் உயிரை விடும். அதன் பையைக் கைப்பற்றியவர் சொன்னதைக் கேட்கும் என்பது அங்குள்ள நம்பிக்கை. மற்றவர் உருவில் வந்து ஆளைக் கொல்லும் கொடூரத்தைத்தான் படம் பிடித்துக்கொண்டது. ஊசுடுவுக்கு இப்போதைக்கு வெளியூரிலிருந்து வருவது பறவைகள் மட்டுமே.

கேள்வி: பேய்ப்படத்தைக் கேலி செய்தால் பேய் சும்மா விடுமா? — கிருமாம்பாக்கம் வாசகர்

பதில்: வசூலும் தரும். ‘லொள்ளு சபா’ ராம்பாலா 2016இல் எடுத்த ‘தில்லுக்கு துட்டு’வில், ஆளைப் பயமுறுத்த ஒரு பங்களாவில் பொய்ப்பேய்களை செட்டப் செய்கிறார்கள், அங்கே ஏற்கெனவே நிஜப்பேய் குடியிருக்கிறது. பேய்ப்படம் எடுக்கும் தொழிலையே இவ்வளவு நன்றாகக் கிண்டல் செய்த கதை இந்த வகையில் குறைவு. 2019இல் இரண்டாம் பாகம். மூன்றாவதில் இயக்குநர் எஸ். பிரேம் ஆனந்த், பெயரில் மிஞ்சியது ‘டிடி’ என்ற இரண்டெழுத்து. 2025இன் நான்காவதில் அதற்கும் ‘டெவில்ஸ் டபுள்’ என்று புது விரிவு. அதில் செல்வராகவன் பேயாகிவிட்ட இயக்குநர். அவருக்குப் பலியாகிறவர்கள் சினிமா விமர்சகர்கள். கேள்வி-பதில் எழுதுகிறவர்களை அவர் இன்னும் பட்டியலில் சேர்க்கவில்லை.

கேள்வி: எங்கள் கொம்யூனில் பங்களாவே கிடையாது. ஒரு ஹால், ஒரு ரூம் வீட்டில் பேய்ப்படம் எடுக்க முடியுமா? — சேலியமேடு வாசகர்

பதில்: முடியும். அஜய் ஞானமுத்துவின் ‘டிமான்ட்டி காலனி’ (2015) சென்னை ஆழ்வார்பேட்டையில் உள்ள நிஜத் தெருவின் பெயரையும், போர்த்துக்கீசிய வணிகர் ஜான் டிமான்ட்டியைப் பற்றிய வதந்திகளையும் வைத்துக் கட்டிய கதை. ஆனால் இரண்டாம் பாதி முழுக்க நண்பர்கள் நாலு பேர் ஒரே வாடகை அறைக்குள் அடைபட்டுக் கிடக்கிறார்கள். கதவு திறக்காது, டிவி அணையாது, செலவும் ஏறாது. 2024 ஆகஸ்டில் அதற்கும் இரண்டாம் பாகம் வந்துவிட்டது.