விக்கி அம்மையாரின் கீர்த்தி

சவளக்கடையில் இஷாத் தொழுகைக்குப் பின் தொலைக்காட்சியில் ரெஸ்லிங் ஓடுகையில், வெற்றிலை இடித்துக்கொண்டிருக்கும் மூத்தம்மா, எலும்பு முறிக்கும் பயில்வான்களையெல்லாம் மன்னித்துவிட்டு, “இவள் ஆரு மனே, ஆம்புளயள அடிபட உட்டுப்போட்டுக் கத்துறாள்?” என்று விக்கி குரேரோ அம்மையாரையே வைதாரென்றால், அது அவ்வம்மையாரின் உத்தியோக சாமர்த்தியத்திற்குக் கிடைத்த நற்சாட்சிப் பத்திரமேயாகும்.

2005இல் கணவரான பயில்வான் எடி குரேரோ மறைந்தபோது அனுதாபத்துக்குரிய விதவையாக நின்றவரை, 2007இல் ஸ்மாக்டவுன் நிகழ்ச்சியின் பொது முகாமையாளராக்கி, எட்ஜ் என்னும் வஞ்சகனின் காதலியாகவும், பின்னர் டால்ஃப் சிக்ளரின் பக்கத்துணையாகவும் ரெஸ்லிங் கம்பெனியார் உருமாற்றினர். “எக்ஸ்கியூஸ் மீ!” என்று அவர் வீறிட்டதும் அரங்கமே ஊளையிட்டு அவர் பேச்சை அமுக்கிவிடும்; மத்தியஸ்தரோ, அம்மையார் கயிற்றோரம் ஏறிநின்று தர்க்கிக்கும் வேளையில், தம் முதுகுக்குப் பின்னே நடக்கும் அதர்மம் எதையும் காணாத மகா உத்தமர். (நம் கந்தோர்களில் காணாதிருக்கும் இக்கலைக்குப் பயிற்சியே வேண்டியதில்லை.)

2014 ஜூனில், விடைபெறும் இரவன்று, தாமும் சேற்றுத் தொட்டியில் விழுந்தெழுந்து, முதலாளி மகள் ஸ்டெபனி மக்மாஹனையும் அதே சேற்றில் அவர் தள்ளியபோது, அத்தனை வருஷமாய் வைத ஜனங்களே எழுந்து கரகோஷம் செய்தனர். ஆனால் அதற்குள் அம்மையாரின் வேலை போயிருந்தது.